பதினைந்து இடத்து மண்

மண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்திருந்தது. கன்னையா அதை மூன்று தடவை படித்தார். முப்பத்தொரு வருடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஸ்டோரில் கிளார்க்காக இருந்தவர். பட்டியல்கள் அவருக்குப் புதிதல்ல. இரண்டு தாள். தலைப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. மண்ணின் புளிப்பைச் சொல்லும் பிஎச், 6.7. பாஸ்பரஸ், மிக அதிகம். பொட்டாசியம், மிக மிக அதிகம். சுண்ணாம்பு தேவையில்லை. நேப்பியர் புல்லுக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் யூரியா மட்டும் போட்டால் போதும்.

தாளிலிருந்து தலையைத் தூக்கினால் ஜன்னலில் இரண்டு ஏக்கர் புல் தெரிந்தது. ஆளை மறைக்க வேண்டிய புல், முட்டிக்கு மேலே வராமல் மஞ்சளாக நின்றது. அதற்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதற்கும் பின்னால் காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகள்.

புஷ்பவல்லி தைப்பூசம் முடிந்த மறுவாரம் இறந்தாள். பத்துமலைக்குப் பால்குடத்துக்கென்று பத்து வீட்டுக்குப் பால் கொடுத்து அனுப்பியவள், அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாடுகள் அவளுடையவை. ஒன்பது உருப்படி. வயலும் அவளுடையதுதான் என்று கன்னையா நினைத்துக்கொள்வார். விடியுமுன் கிள்ளானுக்குப் போய்க் கொமுட்டர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிய மனிதருக்குத் தெரிந்திருந்தது ஞாயிற்றுக்கிழமை வயல் மட்டுமே. மற்ற ஆறு நாளும் அங்கே என்ன நடந்தது என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வராந்தாவில் நாளிதழோடு உட்கார்ந்து அந்தப் பச்சையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. அதில் இரண்டு பேர் ஆளுக்கொரு திசையில் நிம்மதியாக இருந்தார்கள்.

அவள் போய் மூன்று மாதத்தில் புல் மஞ்சளாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"புல்லு கை தேடுது அண்ணே. அக்கா கைய தேடுது."

கன்னையா அப்படிப்பட்ட பேச்சுக்குத் தலையாட்டுகிறவர் அல்ல. ஆனால் அன்று ஆட்டினார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

அறிக்கை சொன்னபடி யூரியா வாங்கி வீசினார். ஆடி முழுவதும் வீசினார், ஆவணியிலும் வீசினார். புல் இன்னும் வெளுத்தது. மாடுகளுக்குச் சாலையோரத்திலும் மின்கம்பி ஓடும் வெற்று நிலத்திலும் அறுத்து வந்து போட்டார். அறுபத்து மூன்று வயதில் இடுப்பு வளையவில்லை. பால் பாதியாகக் குறைந்தது, மாடுகளுக்கு விலா தெரிந்தது.

பக்கத்து ஊரான மேருவில் முப்பது மாடு வைத்திருக்கும் சுகுமாறன் சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவான். நல்ல பையன், வயது முப்பத்தைந்து இருக்கும், ஆனால் கன்னையாவுக்குப் பையன்தான்.

"அங்கிள், நான் அவசரப்படுத்தல லா. ஒன்பதையும் நானே எடுத்துக்கிறேன், வெளிய போவாது, வெட்டுக்குப் போவாது. ஆனா தீபாவளிக்கு முன்ன ஒரு முடிவு சொல்லிடுங்க. இப்படியே போனா எலும்பத்தான் லோரில ஏத்தணும்."

"மண்ணு நல்லாருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்குப்பா."

"ரிப்போர்ட்ட மாடு தின்னுமா அங்கிள்?"

மாடுகளைக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அவருடைய செருப்புச் சத்தம் கேட்டுக் கழுத்தைத் திருப்ப ஒன்பது உயிர் இருந்தது. அதுவும் போய்விட்டால் அந்த இரண்டு வேளையும் மற்ற வேளைகளைப் போலாகிவிடும்.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். ஸ்டோரில் உடன் வேலை பார்த்த பேசில் இன்னும் அங்கேதான் ஒரு அடுக்குமாடியில் இருந்தார். அவர் மகள் டீனா செம்பனைக் கம்பெனி ஒன்றில் மண்ணைப் பார்த்து உரம் சொல்லும் வேலையில் இருப்பது நினைவுக்கு வந்திருந்தது. அறிக்கையைக் கோப்பில் போட்டுக்கொண்டார். ஒரு கொத்துப் புல்லை வேரோடு பிடுங்கி, நாளிதழில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேசில் மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாய்யா. போன் எடுக்க மாட்ற, மெசேஜ் பாக்க மாட்ற. செத்துகித்துப் போயிட்டியான்னு டீனாகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்." சொல்லி முடித்ததும் பேசில் முகம் மாறியது. "சரி, உக்காரு. காப்பி போடச் சொல்றேன்."

டீனா அறிக்கையை வாங்கி இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்தாள். ஒரு விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு பையிலிருந்த புல்லைப் பிரித்து வேரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அங்கிள், ரிப்போர்ட் நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. அதான் பிரச்சினை."

"நல்லாருந்தா என்னம்மா பிரச்சினை?"

"இந்த வேரப் பாருங்க. நுனி பூரா கட்டையா, தடிச்சு, தீஞ்ச மாதிரி இருக்கு. மண்ணு ரொம்பப் புளிச்சிருந்தா அதுல இருக்கிற அலுமினியம் கரைஞ்சு வந்து வேர் நுனியத் தின்னுடும். வாயக் கட்டிட்டுச் சோறு போட்ட மாதிரிதான், நீங்க எவ்ளோ உரம் போட்டாலும் உள்ள போவாது. யூரியா அந்தப் புளிப்ப இன்னும் கூட்டித்தான் விட்டிருக்கும். இந்த வேர் ஒரு கதை சொல்லுது, இந்தப் பேப்பர் வேற கதை சொல்லுது. ரெண்டும் ஒரே வயலா?"

"ஒரே வயல்தான்."

"மண்ண எங்க எடுத்தீங்க?"

"ஈசானிய மூலையில."

"அது எங்க இருக்கு?" என்றார் பேசில்.

"வடகிழக்கு."

"அங்க மட்டுமா?" டீனா கேட்டாள்.

"அங்கதானம்மா எடுப்பாங்க. மனை போட்டாலும் பந்தக்கால் நட்டாலும் முதல் மண்ணு அங்கதான். ஒரு எடத்துக்கு மண்ண அனுப்புறோம்னா நல்ல மண்ணாப் பாத்துத்தானே அனுப்பணும்."

பேசில் கோப்பிலிருந்த தாள்களைப் புரட்டி, ஆய்வுக்கூடம் கொடுத்திருந்த குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். "பதினஞ்சு இடத்துல எடுத்துக் கலக்கணும்னு போட்டிருக்கேய்யா. படிக்கலியா? ஸ்டோர்ல ஒரு போல்ட் குறைஞ்சா மூணு நாள் தூங்க மாட்ட நீ."

"படிச்சேன்." கன்னையா குரலைத் தாழ்த்தினார். "பதினஞ்சு பிடி எடுத்தேன். எல்லாம் அங்கயே எடுத்தேன்."

பேசில் சிரிக்க ஆரம்பித்து அடக்க முடியாமல் இருமினார். டீனாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"அந்த மூலையில என்ன இருக்கு அங்கிள்? இவ்ளோ பொட்டாசியம் காப்பார் மண்ணுல நான் பாத்ததே இல்ல."

கன்னையா கண்ணை மூடிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வயல் வந்தது. மாட்டுப்பொங்கலுக்கு அங்கேதான் அடுப்பு மூட்டுவாள். அது வருடத்துக்கு ஒரு நாள். அது போக, கொசுவுக்காகக் கொட்டகையில் தேங்காய் மட்டையும் விறகும் போட்டுப் புகை மூட்டம் போடுவாள். காலையில் அந்தச் சாம்பலைத் தகரத்தில் அள்ளிக்கொண்டு போய்...

"சாம்பல் கொட்டுவா" என்றார்.

"தினமுமா?"

"தினமும். இருபத்தாறு வருசமா."

டீனா அறிக்கையை மடித்தாள். "விறகுச் சாம்பல் சுண்ணாம்பு மாதிரிதான் அங்கிள். புளிப்ப எடுத்துடும். பொட்டாசியம் பூரா அதுலதான் இருக்கு. இது உங்க வயலோட ரிப்போர்ட் இல்ல. இது ஆன்டி கொட்டின சாம்பலோட ரிப்போர்ட்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் ஒரு பேருந்து திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இந்த வருசம் என்ன மாறுச்சு?" என்று கேட்டாள் டீனா.

"புஷ்பா போயிட்டா."

அவள் மேசையிலிருந்த புல் வேரைத் தொட்டாள். "வயல்ல, அங்கிள்."

வயலில் என்ன மாறியது. அவர் யோசித்தார். மாசிக் கடைசியில் வடிகால் இலாகாவின் மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து ஓரத்து வடிகாலை ஆளுயரத்துக்கு ஆழப்படுத்திவிட்டுப் போனது. தோண்டிய சாம்பல் நிறக் களியை வயல் மீதே வாரிப் போட்டார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்த நேரம். அவர் எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

"அதுல மஞ்ச மஞ்சளா திட்டு விழுந்துச்சா? வடிகால் தண்ணி துரு கலர்ல ஓடுதா?"

"ஆமா."

"அதான். கடல் விட்டுப்போன மண்ணு அது. அடியில இருக்கிற களி, தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் சாது. தண்ணிய வடிச்சுக் காத்து பட விட்டா ஆசிட் ஆயிடும். உங்க புல்ல கெடுத்தது அந்த டிச்சுதான். நீங்களும் இல்ல, வேற எதுவும் இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கன்னையாவும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆனால் திரும்பும் ரயிலில், சுபாங் தாண்டியபோது, வந்ததைவிடத் தனியாக இருப்பது போலிருந்தது. இத்தனை மாதமும் அந்த வயல் தன்னோடு சேர்ந்து துக்கம் காக்கிறது என்று அவர் உள்ளூர நம்பியிருந்தார். இல்லையாம். ஒரு வடிகால்.

அடுத்த நாள் மண்வெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொண்டு இறங்கினார். டீனா ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தாள். வயலின் ஒரு முனையில் தொடங்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். பதினைந்து இடம். வடிகாலோரம் கூடாது, சாணக்குழி பக்கம் கூடாது, ஈசானிய மூலை கூடவே கூடாது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, முக்கால் சாண் ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரை மெல்லிய துண்டாகச் சீவி வாளியில் போட வேண்டும்.

யூரியாவைக்கூட வீட்டுப் பக்க வரப்பிலிருந்தே வீசிய அவர், இருபத்தாறு வருடத்தில் அந்த வயலின் நடுவுக்குப் போவது அதுதான் முதல் தடவை. நான்காவது இடத்தில் களி மண்வெட்டியை விடமாட்டேன் என்றது. ஆறாவது இடத்தில் வெட்டிய மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கோடுகள் ஓடின. ஏழு, எட்டு, ஒன்பது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். பத்தாவதுக்குப் பிறகு காலடியில் மண் திடீரென்று கெட்டியாக இருந்தது. பார்த்தால் ஒற்றையடித் தடம். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. அது கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து வந்து வயலின் தூரத்து ஓரத்தில் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பால்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது வீட்டைப் பார்க்கவில்லை. கால் வைத்துத் தேய்ந்த பக்கம் செம்பனையைப் பார்த்திருந்தது. மேல்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியிருந்தது.

அவள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எந்த நேரத்தில், எத்தனை நாள், எதை நினைத்துக்கொண்டு என்று சொல்ல ஆளில்லை. கன்னையாவுக்கு அதில் உட்காரத் தோன்றியது, உட்காரவில்லை. கூடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் மண்ணை வெட்டினார். பதினொன்று. பிறகு குழியை மூடி, கூடையை இருந்த திசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் பன்னிரண்டாவது இடத்துக்குப் போனார்.

பத்து நாளில் இரண்டாவது அறிக்கை வந்தது. பிஎச் 3.8. பாஸ்பரஸ், மிகக் குறைவு. பொட்டாசியம், குறைவு. அலுமினியத்தின் பங்கு அறுபத்து நான்கு விழுக்காடு. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்புக்கல் தூள். டீனாவுக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவள் குரல் பதிவாகவே பதில் அனுப்பியிருந்தாள். வடிகால் தண்ணீரைப் பலகை வைத்து மறித்து மட்டத்தை உயர்த்த வேண்டும். சுண்ணாம்பைப் போட்டு மண்ணோடு கலந்து இரண்டு மாதம் மழை வாங்க விட வேண்டும். பிறகுதான் புதுப் புல்துண்டு நட வேண்டும். "பொறுமையா இருந்தா வரும் அங்கிள். சித்திரையில முதல் அறுப்பு பாக்கலாம்."

அப்போது ஐப்பசி தொடங்கியிருந்தது. சித்திரைக்கு ஆறு மாதம். முதல் அறிக்கையை நம்பி யூரியா வீசிய இரண்டு மாதம் கையில் இருந்திருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். இப்போது முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. எண்கள் தெளிவாக இருந்தன.

சனிக்கிழமை சுகுமாறன் வந்தபோது அவனிடம் தாளைக் கொடுத்தார். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு இதெல்லாம் புரியாது அங்கிள். நீங்களே சொல்லுங்க."

சொன்னார். சாம்பல் கொட்டிய மூலையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. மயிலையின் முதுகெலும்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மயிலை, புஷ்பவல்லி கையில் பிறந்து அவள் கையிலேயே கன்று ஈன்ற வெள்ளை மாடு.

"அப்ப சித்திரையில புல்லு நிக்கும்?"

"நிக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

சுகுமாறன் யோசித்தான். "அப்ப விக்காதீங்க. பங்கு வாரத்துக்கு விடுங்க. எங்க தாத்தா காலத்துல எஸ்டேட்டுல அப்படித்தான். மாடு உங்களுது, தீனி என்னுது. பால் எனக்கு. கன்னு போட்டா ஆளுக்குப் பாதி. சித்திரையில புல்லு நின்னா நானே லோரில கொண்டாந்து எறக்குறேன். நிக்கலன்னா அப்ப பேசிக்கலாம்."

"நீ ஏம்பா கஷ்டப்படணும்?"

"பால் எனக்குத்தானே அங்கிள். என்ன கஷ்டம்?"

திங்கட்கிழமை லோரி வந்தது. எட்டு மாடுகள் பலகையில் சுலபமாக ஏறின. மயிலை மட்டும் ஏறவில்லை. கன்னையா முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் பலகையில் ஏறினார். அதுவும் ஏறியது. பிறகு அவர் மட்டும் இறங்கிவிட்டார்.

சுண்ணாம்பு மூட்டைகள் மறுநாள் வந்தன. தள்ளுவண்டியில் ஏற்றி, மண்வெட்டியால் வாரி வாரி இறைத்தார். வெள்ளைத் தூள் புருவத்தில், மூக்கில், நாக்கில் எல்லாம் படிந்தது. மத்தியானம் வேலியோரம் வந்த சீதாலெட்சுமி, "என்ன அண்ணே, வயலுக்கு விபூதி பூசுறீங்களா?" என்றாள். அவர் நிமிர்ந்து, "ஆமா" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளும் இறைத்தார். நான்கு மணிக்குக் கைகால் கழுவிவிட்டுப் பழக்கத்தில் கொட்டகைப் பக்கம் நடந்து, பாதியில் நின்று, திரும்பி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. சுகுமாறன்.

"அங்கிள், மயிலை பால அடக்கிக்கிது. ரெண்டு நாளா. மெஷினும் பாத்தாச்சி, கையிலயும் பாத்தாச்சி. மடி கல்லு மாதிரி இருக்கு. இன்னிக்கும் எறங்கலன்னா மடி கெட்டுடும். நீங்க கறக்கிறப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வெந்நியில மடிய கழுவுவேன். உக்காந்து கறப்பேன்."

"அதெல்லாம் நானும் பண்றேன். வேற என்னா? பாட்டு கீட்டு?"

"எனக்கு ஏதுப்பா பாட்டு."

"ரேடியோ?"

"இல்ல."

போனில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"பேசுவேன்" என்றார் கன்னையா.

"மாட்டுக்கிட்டயா?"

எட்டு மாதமாக இரண்டு வேளையும் மயிலையின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் பேசியதெல்லாம் மாட்டுக்குச் சொன்னதல்ல. காப்பார் பாசாரில் மீன் கிடைக்காதது, கெண்டி கைப்பிடி உடைந்தது, சீதாலெட்சுமியின் மருமகள் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. அன்றாடம் நடந்ததை அன்றன்றைக்குப் புஷ்பவல்லியிடம் சொன்னார். உயிரோடு இருந்தபோது சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். அதை மாடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆமா. பேசுவேன்."

"என்னா பேசுவீங்கன்னு சொல்லுங்க, நானும் பேசிப் பாக்குறேன்."

"அது வராதுப்பா உனக்கு. போன ஸ்பீக்கர்ல போடு. அது காதுகிட்ட வெச்சுக்கிட்டு நீ கறக்க உக்காரு."

ஏதோ உரசும் சத்தம், வாளி வைக்கும் சத்தம். "வெச்சிட்டேன் அங்கிள்."

இன்னொரு மனிதன் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதைச் சொல்வது. மேசையில் இரண்டாவது அறிக்கை கிடந்தது. காலையில் அவர் கையிலிருந்த சுண்ணாம்பு அதன் ஓரத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. அதை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு, மண்ணு ரிப்போர்ட் வந்திருக்கு. இந்தத் தடவை சரியா எடுத்தேன், பதினஞ்சு இடத்துல. பிஎச் மூணு புள்ளி எட்டு. ரொம்பக் கம்மி. நம்ம மூலையில மட்டும் ஆறு புள்ளி ஏழு, அது உன் வேலை. பாஸ்பரஸ் அஞ்சு. இருபதாச்சும் இருக்கணுமாம். பொட்டாசியமும் கம்மி. கால்சியம்..."

மறுமுனையில் எதுவும் கேட்கவில்லை. அவர் தயங்கி நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க அங்கிள்." சுகுமாறன் கிசுகிசுத்தான். "காத இந்தப் பக்கம் திருப்பிடுச்சி."

கன்னையா அடுத்த வரிக்குப் போனார். கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் என்று ஒவ்வொன்றாக, அளவோடும், அது எதைக் குறிக்கிறது என்பதோடும் நிதானமாகப் படித்தார். முதல் தாள் முடியும்போது, தூரத்தில் காலி வாளியின் அடியில் பால் ஒரு பீச்சு விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அவர் இரண்டாவது தாளைத் திருப்பினார்.